கக்கின பிள்ளை தக்கும்?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில் என் தங்கை மகளைப் பார்த்தேன். அவள் பையனுக்கு ஒன்றரை வயது. ஊட்டிய அரை மணி நேரத்தில் பாதியைக் கக்கிவிடுகிறான், படுக்கப் போட்டால் முதுகை வில்லாக வளைத்து அழுகிறான். பெரியவர்கள் எல்லோரும் ஒரே வாயாக "கக்கின பிள்ளை தக்கும்" என்றோம். நானும்தான் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. "ஒன்றரை வருஷமா இதையேதான் சொல்றீங்க மாமா. டாக்டர் பால் அலர்ஜியா இருக்குமோன்னு பார்க்கணும்கிறார். எதுக்களிக்கிறதுக்கும் அலர்ஜிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள். முப்பது வருடம் வரலாறு நடத்தியவனிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லைதான். ஆனால் தேடிப் படித்தபோது இதற்குள்ளும் ஒரு வரலாறு இருந்தது. டாக்டர்களே பல ஆண்டுகள் தடம் மாறிப் போன வரலாறு.

முதலில் பழமொழிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். கைக்குழந்தைக்கு இரைப்பையின் வாயில் இருக்கும் தசை அடிக்கடி தளர்ந்து கொடுக்கும். குடித்த பால் மேலே வரும். நாலாம் மாதத்தை ஒட்டி இது உச்சத்தில் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் தானாக நின்றுவிடும். எடை ஏறுகிறது, சிரித்து விளையாடுகிறது என்றால் பயமில்லை. பாட்டிமார் சொன்னது சரி. நிற்காத பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

'அலர்ஜி' என்ற சொல்லுக்கு நூற்றிருபது வயதுதான் ஆகிறது. வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர், தன் சகா பேலா ஷிக்குடன் சேர்ந்து ஒன்றைக் கவனித்தார். தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைப் போடும்போது, முதல் தடவையைவிட இரண்டாம் தடவை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் வேகமாக வந்தன. உடம்பு ஒரு பொருளை ஞாபகம் வைத்துக்கொண்டு வேறு விதமாக எதிர்வினை காட்டுகிறது என்று 1906-இல் எழுதி, கிரேக்க மொழியில் 'வேறு', 'வினை' என்ற இரண்டு சொற்களை ஒட்டி இந்தப் பெயரை வைத்தார். அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன், 1879-இல், ஜெர்மனியில் பால் எர்லிக் ரத்த அணுக்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது ஒரு வகை வெள்ளணு மட்டும் இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை விரும்பி உறிஞ்சியது. அதுதான் ஈசினோஃபில்.

இந்தப் பெயர் நமக்குப் புதிதில்லை. 'ஈஸ்னோபீலியா' என்று இருமலுக்கு மாத்திரை வாங்காத வீடு நம் பக்கம் உண்டா? அந்த நோயை முதலில் விவரித்தவர்களில் ஒருவர், அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் இருந்த ஃப்ரிமோட் மோல்லர். ஆண்டு 1940. காரணம் யானைக்கால் புழு என்பது பிறகு தெரிந்தது. அது தனிக்கதை. ஒட்டுண்ணியானாலும் அலர்ஜியானாலும் வந்து கூடுகிற அணு இது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

குடலில் இந்த அணு சாதாரணமாகவே இருக்கும். உணவுக்குழாயின் உள்தோலில் இருக்கக் கூடாது. 1982-இல் பாஸ்டனில் ஹார்லண்ட் வின்டரும் கூட்டாளிகளும், எதுக்களிப்பு உள்ள பிள்ளைகளின் உணவுக்குழாயிலிருந்து எடுத்த சதைத்துணுக்குகளில் இதைக் கண்டார்கள். அமிலம் ஏறி வந்து புண்ணாக்கியதற்கு இது அடையாளம் என்று எழுதினார்கள். அது தவறான அவதானிப்பு இல்லை; அமிலத்தாலும் ஒன்றிரண்டு வரும். ஆனால் அதற்குப் பிறகு உலகம் முழுவதும், ஈசினோஃபில் தெரிந்தால் அமிலம் என்று எழுதிவிடுவது வழக்கமாயிற்று. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்று தர்க்கப் பாடத்தில் படிப்போமே, அதேதான். பனிமூட்டத்தையும் சேர்த்துப் புகை என்று எண்ணிவிட்டார்கள்.

விளைவை அனுபவித்தவர்கள் பிள்ளைகள். அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டினார்கள். அதற்கும் கேட்காத சிலருக்கு, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் அறுவைச் சிகிச்சை வரை போனது. அப்படியும் வலி போகவில்லை.

1995-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கெவின் கெல்லியும் குழுவினரும் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை. சாப்பாட்டை மாற்றினார்கள். பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, புரதமே இல்லாமல் அதன் கடைசித் துணுக்குகளான அமினோ அமிலங்களால் ஆன பால்மாவைக் குறைந்தது ஆறு வாரம் கொடுத்தார்கள். எட்டுப் பேருக்குத் தொந்தரவு அடியோடு போனது, இரண்டு பேருக்குக் குறைந்தது. நுண்ணோக்கியில் எண்ணியபோது நடுமதிப்பாக 41 இருந்த ஈசினோஃபில்கள் அரைக்கு இறங்கியிருந்தன. பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்ததும் தொந்தரவும் திரும்பி வந்தது. அதிகம் பேருக்கு ஆகாமல் போனது பசும்பால். பத்தே பேர்தான், ஆனால் பதின்மூன்று வருட நம்பிக்கையை அது அசைத்துவிட்டது. பெரியவர்களுக்கும் இதே நோய் உண்டு என்பதை 1993, 94-லேயே அட்வுட்டும் ஸ்விட்சர்லாந்தின் ஸ்ட்ராவ்மனும் தனித்தனியாக எழுதியிருந்தார்கள்.

மறு ஆண்டு இத்தாலியிலிருந்து இன்னொரு கணக்கு வந்தது. எதுக்களிப்பு உறுதியான 204 குழந்தைகளில் 85 பேருக்குப் பசும்பால் ஒவ்வாமையும் இருந்தது. மறைமுகமாக இரண்டு முறை பால் கொடுத்துப் பார்த்து உறுதி செய்த எண்ணிக்கை இது. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். அதனால் கக்குகிற குழந்தைகளில் பத்துக்கு நாலு என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

இவ்வளவு காலம் இது ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கு என் மனதுக்குப் படுகிற ஒரு காரணம் உண்டு. 1966 வாக்கில் இஷிசாகா தம்பதியர் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்த பிறகு, ரத்தத்திலும் தோலிலும் சோதித்து அலர்ஜியை அளக்க முடிந்தது. அளக்க முடிந்ததுதான் அலர்ஜி என்று ஆகிவிட்டது. வயிற்றில் மெதுவாக, மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடக்கும் ஒவ்வாமை பல நேரம் அந்தச் சோதனையில் சிக்குவதில்லை. அறிக்கையில் 'இல்லை' என்று வரும், பிள்ளை கக்கிக்கொண்டே இருக்கும்.

2018-இல் அமெரிக்க, ஐரோப்பிய குழந்தை குடல்நோய் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், சாதாரண முயற்சிகளுக்கு அடங்காத கைக்குழந்தைகளுக்கு அமில மருந்துக்கு முன்பே இரண்டு முதல் நாலு வாரம் பசும்பால் புரதத்தை நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. தாய்ப்பால் என்றால் அம்மா பாலை நிறுத்த வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. இதைப் படித்துவிட்டு யாரும் சொந்தமாகப் பிள்ளைக்குப் பாலை நிறுத்திவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு அதற்கு ஈடாக என்ன கொடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். தங்கை மகள் அப்படித்தான் இரண்டாவது வாரத்தில் இருக்கிறாள். மோர், நெய்விட்ட பருப்புச் சாதம் எதுவும் கிடையாது. ஊட்டிவிட வரும் எங்களைப் போன்றவர்களைத் தடுப்பதுதான் அவளுக்குப் பெரிய வேலை.

படிக்கும்போது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். இந்த நோய் உள்ள வளர்ந்த பிள்ளைகள் மிக மெதுவாகச் சாப்பிடுவார்களாம், நெடுநேரம் மெல்லுவார்களாம், வாய்க்கு வாய் தண்ணீர் குடிப்பார்களாம். ஏழாம் வகுப்பில் என்னிடம் ஒரு பையன் இருந்தான். மதிய மணி அடித்த பிறகும் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் தண்ணீர் பாட்டில். "சோறு திங்கவே இவ்வளவு சோம்பேறித்தனமா?" என்று வகுப்பு முழுவதும் சிரிக்கும்படி கேட்டேன். மறுநாளிலிருந்து அவன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனதை அவன் அம்மா வந்து சொல்லித்தான் அறிந்தேன். அவனுக்கு இந்த நோய்தான் என்று சொல்ல வரவில்லை. சாப்பாடு தொண்டையில் நிற்கிறதா என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம்.

இந்தப் பக்கத்தில் அவன் இருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன். தம்பி, இது நீதான் என்று உனக்குத் தெரியும். உள்பெட்டியில் ஒரு வரி எழுது.