மன்னிப்பாணையும் மரணமும்: ஹாலிவுட்டின் தலைமறைவுக் குற்றவாளிப் படங்கள் (1932–1949)

முன்னுரை

குற்றம் இழைத்தோ, இழைத்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்டோ சட்டத்தின் பிடியிலிருந்து தப்பிய ஒருவன் நல்வாழ்வுக்குத் திரும்ப முயல்கிறான். இக்கதை 1930களிலும் 1940களிலும் ஹாலிவுட் குற்றப்படங்களில் பலமுறை சொல்லப்பட்டது. இப்படங்களைக் காதலின் கதைகளாகவும் விதியின் கதைகளாகவும் காண்பது எளிது. ஆயினும் அவற்றில் அடிக்கடி தலைகாட்டும் ஓர் அரசு ஆவணம் உண்டு. அது மன்னிப்பாணை. அது வாக்களிக்கப்படுகிறது, காலந்தாழ்ந்து வருகிறது, விலைக்கு வாங்கப்படுகிறது. அந்த ஆவணத்தைப் பின்தொடர்ந்தால், தப்பியோடியவனை மன்னிக்கக் கடமைப்பட்டவர் யார் என்ற வினாவுக்கு ஹாலிவுட் அளித்த விடை இரு பத்தாண்டுகளுக்குள் எவ்வாறு மாறியது என்பது புலப்படும். இக்கட்டுரை நான்கு படங்களை முதன்மையாகக் கொண்டு அம்மாற்றத்தை ஆராய்கிறது.

பர்ன்ஸ் வழக்கும் 1932ஆம் ஆண்டுப் படமும்

முதற்படத்திற்கு அடிப்படை ஓர் உண்மை வழக்கு. முதல் உலகப்போரில் பணியாற்றித் திரும்பிய ராபர்ட் எலியட் பர்ன்ஸ், 1922இல் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் வேறு இருவருடன் ஒரு மளிகைக் கடையைக் கொள்ளையிட்டார். கிடைத்த தொகை ஆறு டாலருக்கும் குறைவு. விதிக்கப்பட்ட தண்டனையோ ஆறு முதல் பத்து ஆண்டு கடுங்காவல். காலில் சங்கிலி பூட்டப்பட்டுச் சாலைப்பணியில் ஈடுபடுத்தப்படும் கைதிக் குழுவில் அவர் சேர்க்கப்பட்டார். அங்கிருந்து தப்பிச் சிகாகோ சென்று, ஓர் இதழின் பதிப்பாளராக உயர்ந்தார். 1929இல் அவருடைய மனைவியே அவரைக் காட்டிக்கொடுத்தார். சிறிதுகாலத் தண்டனையே போதும் என்ற உறுதிமொழியை நம்பி ஜார்ஜியாவுக்குத் தாமாகவே திரும்பிய பர்ன்ஸை அம்மாநிலம் விடுவிக்கவில்லை. 1930இல் மீண்டும் தப்பினார். நியூ ஜெர்சியில் மறைந்திருந்தபடி அவர் எழுதிய நூல் 1932 தொடக்கத்தில் வெளிவந்தது.

அவ்வாண்டு நவம்பரில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் மெர்வின் லெராய் இயக்கத்தில் 'ஐ ஆம் எ ஃப்யூஜிடிவ் ஃப்ரம் எ செயின் கேங்' என்ற படத்தை வெளியிட்டது. நூலின் தலைப்பிலிருந்த 'ஜார்ஜியா' என்ற சொல் படத்தின் தலைப்பில் இல்லை. அந்த அளவு எச்சரிக்கையைத் தவிரப் படம் வேறெதிலும் தயங்கவில்லை எனலாம். பால் முனி ஏற்ற ஜேம்ஸ் ஆலன் என்னும் பாத்திரம் போரிலிருந்து திரும்பியவன், வேலையின்றி அலைபவன், உணவுவிடுதிக் கொள்ளை ஒன்றில் துப்பாக்கி முனையில் உடந்தையாக்கப்படுபவன். தப்பிச் சென்றபின் அவன் பாலங்கள் கட்டும் பொறியாளனாகிறான். தொண்ணூறு நாளில் மன்னிப்பு என்ற வாக்கை நம்பித் திரும்புகிறான். மன்னிப்பு வாரியம் முதலில் மறுக்கிறது. ஓராண்டு பொறுத்தால் கிடைக்கும் என்று நம்பிக்கை தருகிறது. ஓராண்டு கழிந்தபின் முடிவைக் காலவரையின்றித் தள்ளிவைக்கிறது. இரண்டாம் முறை தப்பும்போது, தன்னைத் துரத்துவோரைத் தடுக்க, பாலம் கட்டியவனே ஒரு பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கிறான். இறுதிக் காட்சியில் காதலியை இருளில் சந்திக்கும் அவன், எப்படிப் பிழைக்கிறாய் என்ற கேள்விக்குத் திருடுவதாகச் சொல்லி மறைகிறான்.

இம்முடிவில் நாயகன் சாகவில்லை, மீட்சியும் பெறவில்லை. திருந்தி வாழ்ந்த ஒருவனைத் திருடனாக்கியது அரசின் சொல்தவறலே என்று படம் நேராகக் குற்றஞ்சாட்டுகிறது. குற்றத்திற்குக் கழுவாய் தேட வேண்டியவன் கைதியா, மாநிலமா என்ற வினாவில் படம் மாநிலத்தையே சுட்டுகிறது.

ஆலனின் முதல் தப்புதலை இயலச்செய்பவன் செபாஸ்டியன் என்னும் கறுப்பினக் கைதி என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. காவலர் அறியாவண்ணம் அவன் சம்மட்டியால் ஆலனின் கால்விலங்கை அடித்து நெளிக்கிறான்; அதிலிருந்து ஆலன் பின்னர்க் காலை உருவிக்கொள்கிறான். தெற்கு மாநிலங்களின் சங்கிலிக் குழுக்களில் மிகுதியாக வாடியவர்கள் கறுப்பின மக்களே. படமும் அவர்களைத் திரையில் காட்டத்தான் செய்கிறது. ஆனால் செபாஸ்டியனுக்கு மன்னிப்பு வாரியமும் இல்லை, சிகாகோவும் இல்லை. அவ்வகையில், மாநிலத்தை நோக்கிப் படம் எழுப்பும் வினா வெள்ளையினக் கைதி ஒருவனின் சார்பில் மட்டுமே எழுப்பப்பட்டது.

படம் வெளிவந்த மறுமாதம் பர்ன்ஸ் நியூ ஜெர்சியின் நெவார்க் நகரில் கைதானார். அவரை ஜார்ஜியாவிடம் ஒப்படைக்க ஆளுநர் ஹாரி மூர் மறுத்துவிட்டார்.

நெறிமுறையும் காலந்தாழ்ந்த மன்னிப்பும்

திரைப்படத் தயாரிப்பு நெறிமுறை 1930 மார்ச்சிலேயே ஏற்கப்பட்டிருந்தது. ஆயினும் 1934 ஜூலையில் ஜோசப் பிரீன் தலைமையிலான அலுவலகம் சான்றிதழைக் கட்டாயமாக்கிய பின்னரே அது முழு வலிமை பெற்றது. குற்றவாளியின்பால் சட்டத்திற்கு எதிரான பரிவு எழக்கூடாது என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. அதனினும் நுட்பமான கூறு, நெறிமுறைக்குத் தரப்பட்ட விளக்கப் பகுதியில் உள்ளது. நாட்டின் நீதிமன்றங்கள் நீதியற்றவையாகக் காட்டப்படலாகாது. தனியொரு நீதிமன்றமோ தனியோர் அலுவலரோ தவறுவதாகக் காட்டத் தடையில்லை. ஆனால் அதனால் நீதிமுறை முழுமையும் பழிக்கப்படக்கூடாது. பிழை தனிமனிதருடையதாகலாம், அமைப்புடையதாக இருத்தல் இயலாது என்பதே இதன் பொருள். 1932ஆம் ஆண்டுப் படத்தின் முடிவு இவ்வரம்பிற்குள் அடங்குவதன்று.

ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'யூ ஒன்லி லிவ் ஒன்ஸ்' (1937) இவ்வரம்பிற்குள் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதை அளந்து பார்த்த படம். முன்னரே மும்முறை தண்டனை பெற்ற எடி டெய்லர் (ஹென்றி ஃபோண்டா), தான் செய்யாத வங்கிக் கொள்ளைக்காகவும் கொலைகளுக்காகவும் மரணதண்டனை பெறுகிறான். உண்மைக் குற்றவாளியின் உடல் கிடைத்ததும் மன்னிப்பாணை வந்துசேர்கிறது. அதாவது நீதிமுறை தன் பிழையைத் தானே திருத்திக்கொள்கிறது. ஆனால் அந்நேரத்தில் எடி கையில் துப்பாக்கியுடன் சிறைவாயிலில் நிற்கிறான். மன்னிப்பை அவன் நம்பவில்லை. தன்னைப் பிடிப்பதற்கான சூழ்ச்சி என்றே கருதுகிறான். தன்னை நம்பிய பாதிரியார் டோலனைச் சுட்டுக்கொல்கிறான். குற்றமற்றவன் என்று அரசு ஒப்புக்கொண்ட அந்தக் கணத்திலேயே அவன் கொலைகாரனாகிறான். இனி அவனது சாவுக்கு அரசு பொறுப்பாகாது, நெறிமுறை நிறைவுறுகிறது.

எனினும் எடி ஏன் நம்பவில்லை என்பதைப் படம் முன்னரே காட்டிவிட்டது. திருமணமான புதிதில் அவர்களை வெளியேற்றிய விடுதி உரிமையாளர், சிறு தாமதத்திற்காக வேலையிலிருந்து நீக்கிய முதலாளி என்று ஒவ்வொருவரும் அவனுக்கு அவநம்பிக்கையைக் கற்பித்தவர்கள். மன்னிப்பு பொய்யாகத் தோன்றும்படி அவனை வளர்த்தது அச்சமூகமே. நேராகச் சொல்ல முடியாத குற்றச்சாட்டை லாங் கதைநிகழ்வுகளின் வரிசையில் வைத்துவிட்டார். முடிவில் எல்லையருகே சுடப்பட்டுச் சாகும் எடியின் செவியில் இறந்த பாதிரியாரின் குரல், வாயில்கள் திறந்துவிட்டதாக ஒலிக்கிறது. மன்னிக்கும் அதிகாரம் அரசிடமிருந்து விண்ணுலகிற்கு மாறிவிட்டது.

இதே நெறிமுறையின் கீழ் 1935இல் வெளிவந்த 'லே மிசெராப்ல' படத்தில் ஜான் வல்ஜான் உயிருடன் விடப்படுகிறான். காவல் அதிகாரி ஜாவேரே உயிர்துறக்கிறான். (சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பு வழியாகவும் நாகையா நடித்த 1950ஆம் ஆண்டு 'ஏழை படும் பாடு' வழியாகவும் தமிழர் நன்கறிந்த கதை இது.) பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சட்டம் கொடியது என்று சொல்ல அமெரிக்கத் தயாரிப்பாளருக்குத் தடையிருக்கவில்லை. சமகால அமெரிக்கக் கைதிக்கு அச்சலுகை கிட்டவில்லை.

விலைக்கு வந்த மன்னிப்பு

ரவுல் வால்ஷின் 'ஹை சியரா' (1941) மன்னிப்பிலேயே தொடங்குகிறது. ராய் ஏர்ல் (ஹம்ஃப்ரி போகார்ட்) மன்னிப்பாணை பெற்று விடுதலையாகிறான். அது அவன் திருந்தியதற்காகத் தரப்பட்டதன்று. புதியதொரு கொள்ளைக்கு அவன் தேவைப்பட்டதால் கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் பணத்தால் பெற்றுத்தந்தது. அந்த ஆவணத்தின் மதிப்பு இங்கு முற்றிலும் சரிந்துவிடுகிறது. ஏர்ல் தன் மீட்சியை வேறிடத்தில் தேடுகிறான்: வெல்மா என்ற பெண்ணின் ஊனமுற்ற பாதத்திற்கு அறுவைச் சிகிச்சைச் செலவை ஏற்கிறான். அவள் நலம்பெற்றதும் அவனை மறுக்கிறாள். கொடையாலும் மன்னிப்பை வாங்க இயலவில்லை. விட்னி மலையில், தன்னைத் தேடிவந்த நாயின் குரைப்பைக் கேட்டு மறைவிடத்திலிருந்து வெளிப்பட்டு அவன் சுடப்பட்டு வீழ்கிறான். அவனை நேசித்த மேரி அச்சாவை விடுதலையாகப் புரிந்துகொள்கிறாள். சாவைத் தவிர விடுதலைக்கு வேறு பொருள் தர இயலாத நிலையை இம்முடிவு வெளிப்படையாக ஏற்றுக்கொள்கிறது. படத்தின் சிறப்பும் அதன் எல்லையும் இதுவே எனக் கருதலாம்.

நிக்கலஸ் ரேயின் முதற்படமான 'தே லிவ் பை நைட்' (அமெரிக்க வெளியீடு 1949) இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. பதினாறு வயதில் கொலைக்குற்றத்திற்காகச் சிறைப்பட்ட போவி, தான் குற்றமற்றவன் என்று நிறுவ வழக்கறிஞர் ஒருவரை அமர்த்த விரும்புகிறான். அதற்குப் பணம் வேண்டும். பணத்திற்கு வங்கியைக் கொள்ளையிட வேண்டும். மன்னிப்புக்கான வழியே அவனை மன்னிப்புக்கு அப்பால் கொண்டுசெல்கிறது. இறுதியில் அவனைக் காட்டிக்கொடுக்கும் மேட்டியும் தன் கணவனின் சிறைவிடுதலைக்காகவே அதைச் செய்கிறாள். ஒருவனின் விடுதலை மற்றொருவனின் உயிருக்கு மாற்றாகப் பேரம் பேசப்படுகிறது. பேசுபவர் அரசின் அலுவலர். 1932ஆம் ஆண்டுப் படத்தின் கசப்பு, குரல் தாழ்த்தி இங்குத் திரும்பிவருகிறது.

நெறிமுறை இப்படங்களைக் கெடுத்தது என்று மட்டும் கூறிவிட முடியாது. சட்டத்திற்கு உடலையும் பார்வையாளருக்குத் தீர்ப்பையும் பிரித்துக்கொடுக்கும் வடிவம் அதன் அழுத்தத்திலேயே பிறந்தது. சாகடிக்கப்படும் நாயகனைப் பார்வையாளர் தம் மனத்துள் விடுவிக்கின்றனர். அவ்விடுவிப்பைத் தடுக்க எந்த அலுவலகத்தாலும் இயலவில்லை. ஆனால் இழப்பும் சிறிதன்று. மனத்துள் நிகழும் அவ்விடுவிப்பால் எந்த மாநிலமும் எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை.

இதற்கிடையே உண்மை வழக்கு வேறுவகையில் முடிந்தது. சிறைச் சீர்திருத்தங்களை மேற்கொண்ட ஜார்ஜியா ஆளுநர் எலிஸ் ஆர்னல், 1945இல் மாநில மன்னிப்பு வாரியத்தின் முன் பர்ன்ஸுக்காகத் தாமே வாதிட்டார். பர்ன்ஸ் நேரில் வந்து நின்றார். அனுபவித்த காலமே போதுமெனத் தண்டனை குறைக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டுகள் அவர் சட்டப்படி விடுதலை பெற்ற மனிதராக வாழ்ந்து 1955இல் காலமானார்.