எழுத்து எண்ணாகும் வழி: சி மொழியில் சுழியத்தின் கதை



ஒரு தாளில் 1972 என்று எழுதினால் நம் கண் அதனை உடனே ஓர் எண்ணாகக் காண்கிறது. கணினி அவ்வாறு காண்பதில்லை. விசைப்பலகையில் தட்டப்பட்ட அந்நான்கும் அதற்கு நான்கு எழுத்துகள் மட்டுமே. ஏனைய எழுத்துகளைப் போல அவையும் குறிகள். அந்நிலையில் அவற்றைக் கூட்டவோ பெருக்கவோ இயலாது. குறியை மதிப்பாக மாற்றிய பின்னரே கணக்குத் தொடங்குகிறது. இம்மாற்றத்தைச் சி மொழி எவ்வாறு செய்தது, அதில் எங்கே இடறியது, பின்னர் எவ்வாறு திருத்திக்கொண்டது என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சி மொழி பிறந்த இடம், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மரே ஹில் என்னும் ஊரில் அமைந்த பெல் ஆய்வுக்கூடம். அங்கே கென் தாம்சன் முதலில் பி என்னும் மொழியை உருவாக்கினார். அம்மொழியில் தரவுக்கு வகை வேறுபாடு கிடையாது; எல்லாம் ஒரே அளவுள்ள நினைவக அறைகளாகவே கருதப்பட்டன. பின்னர் வந்த பிடிபி-11 கணினியோ ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியே சுட்டவல்லதாக இருந்தது. அதற்கேற்ப டென்னிஸ் ரிச்சி, எழுத்துக்கு ஒரு வகையும் முழு எண்ணுக்கு ஒரு வகையும் வகுத்தார். 1972ஆம் ஆண்டளவில் சி மொழி உருப்பெற்றது. இரண்டு வகைகள் பிறந்ததும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியும் தேவைப்பட்டது.

அவ்வழிக்கு அடிப்படை முன்பே இடப்பட்டிருந்தது. 1963இல் வெளியான ஆஸ்கி என்னும் குறிமுறை, '0' முதல் '9' வரையுள்ள பத்துக் குறிகளுக்கும் 48 முதல் 57 வரையிலான எண்களை வரிசையாக வழங்கியது. எனவே '1' என்னும் குறியின் எண் 49. அதிலிருந்து 48ஐக் கழித்தால் 1 என்னும் மதிப்புக் கிடைக்கும். 1972 என்னும் சரத்தை இடமிருந்து வலமாகப் படிக்கும்போது, இதுவரை கிடைத்த மதிப்பைப் பத்தால் பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டவேண்டும். 1, 19, 197, 1972 என மதிப்பு படிப்படியாக வளர்கிறது. தொடக்கப்பள்ளி மாணவர் கற்கும் இடமதிப்பே இங்கும் தொழிற்படுகிறது.

தேர்ந்த நிரலர் 48 என்று எழுதாமல் '0' என்றே எழுதுவார். ஐபிஎம் நிறுவனத்தின் எப்சிடிக் குறிமுறையில் இலக்கங்கள் 240 முதல் 249 வரை அமைந்திருந்தன. '0' என்று எழுதினால் ஒரே நிரல் இரு குறிமுறைகளிலும் பிழையின்றி இயங்கும்.

இங்கே மூன்று சுழியங்கள் நம்முன் நிற்கின்றன. முதலாவது, 48 என்னும் எண்ணைப் பெற்ற '0' என்ற குறி. இரண்டாவது, கணக்கில் பயன்படும் 0 என்ற மதிப்பு. மூன்றாவது, சரத்தின் முடிவைக் காட்டும் எழுத்து. சி மொழி ஒரு சரம் எங்கே முடிகிறது என்பதை, 0 என்னும் எண்ணைக் கொண்ட ஒரு பைட்டால் அறிகிறது. இவற்றை மயங்கிக்கொள்ளும் மாணவர் பலர்; குறி வேறு, மதிப்பு வேறு, முடிவு வேறு எனப் பிரித்துக் காட்டுவது ஆசிரியரின் கடன்.

நான்காவது சுழியமும் உண்டு; இடர் விளைவித்தது அதுவே. ஆஸ்கியிலிருந்து முழு எண்ணுக்கு என்னும் பொருளில் 'ஏ-டு-ஐ' எனப் பெயர் பெற்ற செயற்கூற்றை, பிரையன் கெர்னிகனும் ரிச்சியும் 1978இல் வெளியிட்ட நூல் எடுத்துக்காட்டாக விளக்கியது. இலக்கமல்லாத குறி வந்ததும் அது நின்றுவிடும். தொடக்கத்திலேயே இலக்கம் இல்லையெனில் 0 என்றே விடை தரும். ஒரு மதிப்பெண் பட்டியலை எண்ணிப் பாருங்கள். தேர்வெழுதி 0 பெற்ற மாணவருக்கும், 'வரவில்லை' என்று குறிக்கப்பட்ட மாணவருக்கும் இச்செயற்கூறு ஒரே விடையைத் தருகிறது. மதிப்பு இல்லாமையும், மதிப்பு சுழியமாக இருப்பதும் ஒன்றாகிவிடுகின்றன. எண் மிகப் பெரிதாயினும் இதே குறை நேரும். பிடிபி-11 கணினியின் 16 பிட்டு முழு எண்ணில் 32767 வரையே அடங்கும். 40000 என்னும் சரம் அதில் -25536 ஆகத் திரிந்துவிடக்கூடும்.

1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசியத் தரம் இதற்கு விடை கண்டது. சரத்தை நீள் முழு எண்ணாக்கும் 'ஸ்ட்ரிங்-டு-லாங்' என்னும் வகைச் செயற்கூறு அதில் இடம்பெற்றது. அது விடையுடன், எந்த எழுத்தில் தான் நின்றது என்பதையும் ஒரு சுட்டியின் வழியே தெரிவிக்கும். தொடங்கிய இடத்திலேயே நின்றிருந்தால் எண் எதுவும் இல்லை என்பது புலப்படும். எல்லை மீறினால் அதற்குரிய பிழைக்குறியை இடும். பழைய செயற்கூறும் நீக்கப்படாமல் தொடர்வதால், எதைப் பயன்படுத்துவது என்னும் பொறுப்பு நிரலரிடமே உள்ளது.

இவ்வரலாற்றில் தமிழ் எண்களுக்கும் இடமுண்டு. ஒருங்குறியில் தமிழ் எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரை 3047 முதல் 3055 வரையும், அடுத்து பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றின் குறிகளும் அமைந்தன. 3046ஆம் இடம் நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது. நம் பழைய எண்முறை ௰, ௱, ௲ எனத் தனிக்குறிகளைக் கொண்டதால் அதற்குச் சுழியம் தேவைப்படவில்லை. 2005இல் வெளிவந்த ஒருங்குறி 4.1 பதிப்பிலேயே தமிழ்ச் சுழியம் அவ்விடத்தில் அமர்ந்தது. வெற்றிடத்திற்கும் சுழியத்திற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

ஆயினும், ௧௯௭௨ என்னும் சரத்தைச் சி மொழியின் பழைய செயற்கூற்றிடம் கொடுத்தால் 0 என்றே விடை வரும். தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் ௧ என்பது 224, 175, 167 என்னும் மூன்று பைட்டுகளாகிறது. அவற்றுள் எதுவும் 48 முதல் 57 வரையுள்ள எல்லைக்குள் வருவதில்லை.

ஆசிரியர்கள் இதனையே வகுப்பறைப் பயிற்சியாக்கலாம். ௧௯௭௨ என்பதற்கு ஒவ்வோர் எழுத்தின் எண்ணிலிருந்தும் 3046ஐக் கழித்துப் பத்தால் பெருக்கிச் செல்லும் முறையே போதும். ௲௯௱௭௰௨ என்பதற்கு அது பொருந்தாது. ௲ என்பதிலிருந்து 3046ஐக் கழித்தால் 12 அன்றோ வரும்! அங்கே குறி பெருக்கும் எண்ணாக நிற்கிறது. இவ்விரண்டையும் படிக்கவல்ல நிரலை எழுதி, எண்ணல்லாத சரம் வந்தால் 0 என்று சொல்லாமல் 'எண் இல்லை' என்று உரைக்கச் செய்யும் மாணவர், சி மொழியோடு நம் முன்னோரின் எண்முறையையும் ஒருங்கே கற்றவராவார்.