எரியாத களிம்பு

பொறியியல் முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். மென்பொருள் வேலைக்குத் தாவுவதற்கு முந்தைய பதினான்கு மாதங்கள் அவை. மோல்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கவேண்டும். காற்றுப் புகாத யூனிஃபார்ம், இடுப்பில் இறுக்கிய பெல்ட். வாடகை அறையில் ஆறு பேர் இருந்தோம். இருவர் ஒடிசா, ஒருவர் பிகார். ஒரே கொடி, ஒரே பக்கெட், அவசரத்துக்கு யார் துண்டானாலும் சரி. இரண்டாம் மாதமே தொடையிடுக்கில் ஒரு வட்டம் வந்தது. ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து, நாளுக்கு நாள் அகலமாகிற வட்டம். படர்தாமரை.

யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான். மருந்துக்கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய், "அரிப்புக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்றேன். சின்ன டியூப் ஒன்று கைக்கு வந்தது. மூன்றே நாளில் சிவப்பு அடங்கி, அரிப்பு போயே போய்விட்டது. நிறுத்தினேன். பத்து நாளில் திரும்பி வந்தது. மறுபடி டியூப். ஐந்து மாதத்தில் இடுப்பைச் சுற்றிப் பரவிவிட்டது. தொடையில் தோல் மெலிந்து, பிரசவமான வயிற்றில் இருப்பதுபோலக் கோடுகள் விழுந்தன. அந்தக் கோடுகள் இன்றும் இருக்கின்றன.

அந்த டியூபின் வரலாற்றைப் பல வருடங்கள் கழித்துத்தான் தேடிப் படித்தேன்.

நம் ஊரில் படர்தாமரைக்குப் பழைய வைத்தியம் சீமை அகத்தி இலை. வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். பெயரே சொல்வதுபோல அது கடல் கடந்து, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி. ஆங்கில மருத்துவத்தில் அதே இடத்தில் இருந்தது விட்ஃபீல்டு களிம்பு. லண்டன் தோல் மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்டின் பெயரால் வழங்குவது. பென்சாயிக் அமிலம் 6%, சாலிசிலிக் அமிலம் 3%. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முன்பு இடம்பிடித்திருந்தது. ஆனால் புண்பட்ட இடத்தில் பட்டால் எரியும். வாரக்கணக்கில் பொறுமையாகத் தடவவேண்டும்.

எரியாத களிம்புக்கான வழி வேறொரு நோயிலிருந்து திறந்தது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச்சும் எட்வர்ட் கெண்டாலும் முடக்குவாதத்தால் அவதிப்பட்ட ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடமாடினார். 1950இல் நோபல் பரிசு. 1952இல் மரியன் சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலின்மேல் தடவினாலே சில தோல்நோய்கள் அடங்குவதைக் காட்டினார்கள். 1960களில் பீட்டாமெத்தசோன், 1970களில் ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வீரியம் கொண்ட குளோபெட்டசால். கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் தாரைப் பூசிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

சிக்கல் படர்தாமரையில்தான். அங்கே சிவப்பும் அரிப்பும் பூஞ்சையை எதிர்த்து உடல் நடத்தும் சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது, பூஞ்சையைக் கொல்வதில்லை. சர்வர் பழுதாகும்போது எச்சரிக்கை மெயிலை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவதைப் போன்றது இது. 1968லேயே ஐவ், மார்க்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் இதை எழுதிவிட்டார்கள். ஸ்டீராய்டு தடவியதால் உருமாறி, அடையாளம் தெரியாமல் பரவும் படர்தாமரைக்கு 'டீனியா இன்காக்னிட்டோ' என்று பெயர் வைத்தார்கள். மாறுவேடப் படர்தாமரை.

தெரிந்த பிறகும் இங்கே ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒரே டியூபில் அடைத்து விற்றார்கள். மருத்துவர் சீட்டு தேவைப்படும் 'ஷெட்யூல் எச்' பட்டியலில் மேற்பூச்சுகளுக்கு விலக்கு இருந்தது. முகப்பொலிவுக்கும் இதே ஸ்டீராய்டு களிம்புகள் போயின. 2011இல் வெளியான பல மைய ஆய்வொன்றில், முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தவர்கள். தோல் மருத்துவர்கள் சங்கம் தொடர்ந்து குரல்கொடுத்த பிறகு, 2018 மார்ச்சில் பல ஸ்டீராய்டு களிம்புகளுக்கான விலக்கை மத்திய அரசு நீக்கியது. சட்டம் மாறியது. "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்ற வாக்கியம் மாறவில்லை.

இதற்கிடையே பூஞ்சையும் மாறிவிட்டது. 2020இல் ஜப்பான் ஆய்வாளர்கள், அங்கே வசித்த ஓர் இந்தியரிடமும் ஒரு நேபாளியிடமும் கிடைத்த புதுப் பூஞ்சைக்கு 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா. வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கு அது பல நேரம் மசிவதில்லை. 2023இல் நியூயார்க்கில் இருவருக்குக் கண்டறிந்தார்கள். வெப்பம், ஈரம், நெரிசல், பாதியில் நிறுத்திய மருந்து எல்லாம் இதில் சந்தேகத்துக்கு உரியவை, ஸ்டீராய்டு டியூபும்தான்.

என்னைக் கடைசியில் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்குத் துரத்தியது தூக்கமின்மை. அந்தத் தோல் மருத்துவர் அம்மா டியூபைத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, பேர் 'சோன்'னு முடிஞ்சா கொஞ்சம் யோசிக்கணும். குளோபெட்டசால்னு இருந்தாலும் அப்டித்தான். நீங்களா தடவக்கூடாது." மாத்திரையும் வேறு களிம்பும் எழுதினார். வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு விரற்கடை தடவவேண்டும். மறைந்த பிறகும் அவர் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது. ஷிஃப்ட் முடிந்ததும் குளித்து, இடுக்குகளை நன்றாக உலர்த்தி, தளர்வான பருத்தி உடுத்தவேண்டும். துண்டும் உள்ளாடையும் தனி; வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்கவேண்டும்.

எழுந்தபோது கேட்டார்: "ரூம்ல எத்தன பேரு?"

"ஆறு பேர் மேடம்."

"அவங்களுக்கும் இருக்கும். கூட்டிட்டு வாங்க, இல்லேன்னா உங்களுக்குத் திரும்ப வரும்."

அன்றிரவு எப்படிக் கேட்பதென்று தெரியாமல், முதலில் என் டியூபை எடுத்து நடுவில் வைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பிகார்க்காரர் தன் தகரப்பெட்டியைத் திறந்தார். ஒருவர் தலையணைக்கு அடியில் கைவிட்டார். கடைசியில் தரையில் நான்கு டியூப்கள் கிடந்தன. நான்கும் ஒரே கம்பெனி.