நோல்ட்டன் தேவாலயம்

நோல்ட்டன் தேவாலயம் என்பது தென் இங்கிலாந்தின் டோர்செட் கவுண்டியில், புதிய கற்காலத்தைச் சேர்ந்த வட்ட மண்மேடு ஒன்றின் நடுவே அமைந்துள்ள இடைக்காலத் தேவாலய இடிபாடு ஆகும். தேவாலயம் கி.பி. 12 ஆம் நூற்றாண்டில், நார்மானியர் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்டது. அதனைச் சூழ்ந்துள்ள மண்மேடு ஏறத்தாழ கி.மு. 2500 அளவில் எழுப்பப்பட்டது. இரண்டுக்கும் இடையே 3,500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. இவ்விடம் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பராமரிப்பில் உள்ளது.

வட்ட மண்மேடு

இவ்வகை அமைப்புகள் ஹெஞ்ச் எனப்படுகின்றன. வட்டமாக எழுப்பிய மண்மேடும் அதன் உட்புறத்தில் வெட்டிய அகழியும் இவற்றின் அடையாளம். பகைவரைத் தடுக்கும் கோட்டையாயின் அகழி வெளிப்புறத்தில் இருந்திருக்க வேண்டும். ஆகவே இவை பாதுகாப்புக்காக அல்லாமல், சடங்குகளுக்கும் மக்கள் கூடுவதற்கும் அமைக்கப்பட்டவை என்று கருதப்படுகின்றது. (இவ்வகைக்குப் பெயர் தந்த ஸ்டோன்ஹெஞ்சில் அகழி மண்மேட்டுக்கு வெளியே இருப்பதால், இவ்வரையறைப்படி அது முழுமையான ஹெஞ்ச் ஆகாது என்பது வேடிக்கையான முரண்.)

தேவாலயம் உள்ள வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 100 மீட்டர். இதனருகே வேறு வட்டங்களும் உள்ளன. அவற்றுள் தெற்கு வட்டம் இதனைவிட இரு மடங்கு பெரியது. ஆனால் அதன் ஊடாகச் சாலை செல்கிறது, உள்ளே பண்ணை வீடும் உள்ளது. பல நூற்றாண்டு உழவினால் இவ்வட்டங்கள் பெரிதும் மட்டமாகிவிட்டன. வானிலிருந்து எடுத்த ஒளிப்படங்களிலேயே அவற்றின் வடிவம் தெளிவாகத் தெரியும். தேவாலயம் இருந்த நிலத்தில் ஏர் பூட்டப்படாததே நடு வட்டம் எஞ்சியதற்குக் காரணமாகலாம். கற்கால நினைவுச்சின்னத்தைக் காத்துத் தந்தது பிற்காலக் கிறித்தவக் கட்டடம் என்பது இவ்விடத்தின் தனிச்சிறப்பு.

கிழக்கே மரங்கள் அடர்ந்த பெரிய ஈமமேடு ஒன்று உள்ளது. டோர்செட்டிலுள்ள மிகப் பெரிய வட்ட ஈமமேடுகளுள் இதுவும் ஒன்று.

தேவாலயம்

சக்கிமுக்கிக் கற்களையும் செதுக்கிய கற்களையும் கொண்டு கட்டப்பட்ட சிறிய ஊர்த் தேவாலயம் இது. மக்கள் கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் இடையிலுள்ள அரைவட்ட வளைவு நார்மானியக் கட்டடக்கலையைக் காட்டுகிறது. மேற்குக் கோபுரம் இடைக்காலத்தின் பிற்பகுதியில் சேர்க்கப்பட்டது. அருகே ஆலன் ஆற்றங்கரையில் இருந்த நோல்ட்டன் சிற்றூர் கொள்ளைநோயால் மக்களை இழந்து மறைந்துபோனது. ஊர் போன பின்னும் தேவாலயத்தில் வழிபாடு நடந்தது. 18 ஆம் நூற்றாண்டில் கூரை இடிந்து விழவே அது கைவிடப்பட்டது. திருடர்கள் இதன் மணியைக் கவர்ந்து ஸ்டூர் ஆற்றில் போட்டுவிட்டனர் என்றொரு நாட்டார் கதையும் உண்டு.

இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது ஏன்?

பழைய சமய வழிபாட்டை அடக்கவே தேவாலயம் இங்கு கட்டப்பட்டது என்னும் விளக்கம் பரவலாகக் கூறப்படுகிறது. அதற்குச் சான்றாக, பழைய கோயில்களை இடிக்காமல் தேவாலயங்களாக மாற்றுமாறு திருத்தந்தை முதலாம் கிரகோரி 601 இல் எழுதிய கடிதம் காட்டப்படும். ஆனால் அக்கடிதத்துக்கும் இத்தேவாலயத்துக்கும் இடையே ஏறக்குறைய 500 ஆண்டுகள் உள்ளன. மேலும், கிரகோரி குறிப்பிட்டது அக்காலத்தில் வழிபாட்டில் இருந்த கோயில்களை. நோல்ட்டன் வட்டத்தை எழுப்பிய மக்களின் சமயமோ அதற்கு வெகு முன்பே மறைந்துவிட்டது. பெரிய ஈமமேட்டின் அருகே ஆங்கிலோ-சாக்சன் காலக் கல்லறைகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. 'ஹண்ட்ரட்' என்னும் பழைய ஆட்சிப் பிரிவு ஒன்றும் நோல்ட்டன் பெயரையே தாங்கியிருந்தது. எனவே பழஞ்சமயத்தை வெல்வதைவிட, மக்கள் ஏற்கனவே அறிந்து கூடிவந்த இடம் என்பதே காரணமாக இருந்திருக்கக்கூடும்.

பார்வையிடல்

விம்போர்னையும் கிரான்போர்னையும் இணைக்கும் பி3078 சாலையை ஒட்டி, கிரான்போர்னுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் இவ்விடம் உள்ளது. கட்டணம் இல்லை. கூரையற்ற சுவர்களுக்குள் நடந்து சென்று பார்க்கலாம். தேவாலயத்தை மட்டும் பார்த்துத் திரும்புவோர் பலர்; மண்மேட்டின் மீது ஒரு சுற்று வந்தால்தான் அகழி உட்புறம் இருப்பது விளங்கும். வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் முதிய யூ மரங்கள் நிற்கின்றன. வேண்டுதலாகவும் இறந்தோர் நினைவாகவும் சிலர் அவற்றின் கிளைகளில் நாடாக்களைக் கட்டுகின்றனர். இம்மரங்களின் வயது குறித்துக் கூறப்படும் எண்களை அப்படியே ஏற்க இயலாது. முதிர்ந்த யூ மரத்தின் நடுப்பகுதி பொள்ளலாகிவிடுவதால் ஆண்டு வளையங்களை முழுமையாக எண்ண முடிவதில்லை.