சணல் பாராசூட்டும் மஞ்சள் மாத்திரையும்

இரண்டாம் உலகப் போரில் பர்மாவை மீட்ட பதினான்காவது ராணுவம் 1943 இறுதியில் ஜெனரல் வில்லியம் ஸ்லிம் தலைமையில் உருவானது. இந்தியர்களே பெரும்பான்மை, கூர்க்காக்கள், பிரிட்டிஷார், கிழக்கு மேற்கு ஆப்பிரிக்கர்கள் உடனிருந்தார்கள். அதன் கதை கொஹிமா முற்றுகை, மெய்க்டிலா பாய்ச்சல் என்று சண்டைகளாகவே சொல்லப்படுகிறது. அந்தச் சண்டைகளுக்கு முன்பே, மருந்துக் கூடாரங்களிலும் சரக்குக் கிடங்குகளிலும் வெற்றிக்கு வழி பிறந்துவிட்டது என்பது என் துணிபு. 1943-ல் காயம்பட்டு ஒருவர் வெளியேற்றப்பட்டால், நோயால் 120 பேர் வெளியேற்றப்பட்டார்கள் என்று ஸ்லிமே எழுதியிருக்கிறார். மலேரியாக்காரர் இந்தியாவுக்குள் தொலைவிலிருந்த மருத்துவமனைக்குப் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். அப்படியே விட்டிருந்தால் படையைக் கரைக்க ஜப்பானியர்களே தேவைப்பட்டிருக்க மாட்டார்கள். ஸ்லிம் சிகிச்சை முகாம்களைப் போர்முனைக்கு அருகிலேயே அமைக்கச் செய்தார். வீரர்கள் சில வாரங்களில் அணிக்குத் திரும்பினார்கள். தோலை மஞ்சளாக்கும் மலேரியாத் தடுப்பு மாத்திரையான மெபாக்ரினைத் தினமும் விழுங்குகிறார்களா என்று திடீர்ச் சோதனை நடத்தி, அதில் தவறிய படைப்பிரிவுத் தலைவர்கள் மூவரைப் பதவி நீக்கினார். 1945-ல் நோயாளிகளின் எண்ணிக்கை நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது.

அடுத்தது சோறு. 1942-ல் ஜப்பானியர்கள் காட்டுக்குள் புகுந்து பின்புறச் சாலையை மறித்தாலே பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. 1944 பிப்ரவரியில் அரக்கானில் வளைக்கப்பட்ட ஏழாவது இந்திய டிவிஷன் நகராமல் நின்றது. அரிசியும் குண்டும் வானிலிருந்து விழுந்தன. பட்டுப் பாராசூட் போதாதபோது கல்கத்தாவின் சணலில் செய்து கொண்டார்கள். அதற்கு ஆன செலவு வழக்கமான பாராசூட்டில் சிறு பங்குதான். இதெல்லாம் அமெரிக்க விமானங்களின் கொடை என்பார்கள். விமானங்கள் இல்லாமல் ஒன்றும் நடந்திருக்காது, உண்மை. ஆனால் வளைக்கப்பட்டாலும் அசையாதே என்று படைக்குப் பழக்கியதும், எதை, எப்போது, எங்கே போடுவது என்று கணக்கிட்டதும் இந்த ராணுவம். இம்பாலைத் தாக்கிய ஜப்பானியத் தளபதி முத்தகுச்சியின் முட்டாள்தனம்தான் அந்நகரைக் காத்தது என்ற வாதமும் உண்டு. ஏறத்தாழ மூன்று வார உணவோடு மலையேறியது துணிச்சலல்ல, விபரீதம். ஆயினும் எதிரியின் கிடங்கைப் பிடித்துச் சாப்பிடலாம் என்ற கணக்கு முந்தைய படையெடுப்புகளில் பலித்திருந்தது. இம்பாலின் கிடங்குகள் கைக்குச் சிக்காததால்தான் அது இப்போது பொய்த்தது. மழையில் பின்வாங்கிய ஜப்பானியர்கள் பல்லாயிரக்கணக்கில் பசியாலும் நோயாலும் மடிந்தார்கள். மலாயாத் தோட்டத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்திருந்த இந்திய தேசிய ராணுவத்தின் முன்னணிப் பிரிவுகளுக்கும் அதே கதிதான். அவர்களிடம் துணிவு குறைவாக இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது; மருந்தும் அரிசியும் இல்லை.

இன்னொரு எதிர்ப்பு கனமானது. இந்தப் படையின் தளமாயிருந்த வங்காளத்தில் 1943 பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அந்த நிலத்தில் உண்டு கொழுத்த ராணுவத்தின் வழங்கல் திறமையைப் புகழலாமா? திறமையை ஒப்புக்கொள்வது அரசை விடுவிப்பதாகாது. குற்றத்தை அது இன்னும் கூர்மையாக்குகிறது. அந்த அக்டோபரில் வைஸ்ராயாக வந்த வேவல் நிவாரணத்தில் ராணுவத்தை இறக்கியதும், லாரிகளும் ஆட்களும் கிராமங்களுக்கு உணவு கொண்டுபோனார்கள். அந்த உத்தரவை முந்தைய மாதங்களிலேயே போட்டிருக்க முடியும்.