நடக்க வைக்கும் பேட்டை, நடந்தால் கிடைக்கும் பற்றுச்சீட்டு

பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேலை, சமையல், பிள்ளைகளின் படிப்பு என ஓடும் நாளில் அந்த நேரத்தை எங்கே தேடுவது? சிங்கப்பூர் இதற்கு இரு வழிகளைக் கையாள்கிறது. குடியிருப்புப் பேட்டையை நடப்பதற்கு ஏற்றபடி அமைப்பது ஒன்று. நடப்பவருக்கு வெகுமதி தருவது மற்றொன்று.

பேட்டையின் பங்கு

ஒரு பூங்காவிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தோ சைக்கிளிலோ செல்ல உதவும் பூங்கா இணைப்புப் பாதைகள் 1990களில் உருவாகத் தொடங்கின. இன்று அவற்றின் நீளம் 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

2013க்கும் 2018க்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர் கூரை நடைபாதை அமைக்கப்பட்டது. எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை வெயில், மழைக்கு அஞ்சாமல் நடக்க இது வழிசெய்தது. 400 மீட்டர் போய்வந்தால் சுமார் 10 நிமிட நடை. ஐந்து வேலை நாள்களுக்கு 50 நிமிடம். விறுவிறுப்பாக நடந்தால், வாரத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே முடிந்துவிடும்.

முதியோருக்கும் வசதிகள் உண்டு. குறிப்பிட்ட சாலைச் சந்திப்புகளில் அவர்கள் தங்கள் அட்டையைக் காட்டினால், கடப்பதற்கான பச்சை விளக்கு கூடுதலாகச் சில விநாடிகள் எரியும்.

வெகுமதியின் பங்கு

சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015ல் ‘நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச்’ திட்டத்தைத் தொடங்கியது. ‘ஹெல்தி 365’ செயலியில் பதிவாகும் காலடிகளுக்குப் புள்ளிகள் கிடைக்கும்; அவற்றைப் பற்றுச்சீட்டுகளாக மாற்றிக்கொள்ளலாம். 2023ல் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் சேர்ந்து மருத்துவரிடம் முதல் ஆலோசனையை முடிப்போருக்கு 20 வெள்ளி மதிப்புள்ள 3,000 புள்ளிகள் வழங்கப்படுகின்றன.

இரண்டும் சேர்ந்தால்தான் பலன்

வெகுமதி ஒருவரை முதல் நாள் வீட்டைவிட்டு இறக்கும். ஆனால், பற்றுச்சீட்டுக்காக மட்டும் நடப்பவர் அது நின்றதும் நின்றுவிடக்கூடும். வேலைக்கும் சந்தைக்கும் போகும் வழியே நடைப்பயிற்சியானால் பழக்கம் தொடரும். நல்ல பாதை வாசலில் இருந்தும் அதில் இறங்காதவருக்குச் சிறு ஊக்கம் தேவைப்படும்.

இந்தியர்களுக்கு இது கூடுதல் முக்கியம். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். உணவுக்குப் பின் சிறிது நேரம் நடப்பதும் ரத்தச் சர்க்கரை உயர்வைக் குறைக்க உதவும். அதற்குப் புளோக்கின் கீழ்த்தளமே போதும். நெடுநாள் பயிற்சி இல்லாதவர்களும் நீரிழிவு, இதயநோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது.