யாருக்கு அந்த நிழல்?

அம்பலம் என்றொரு சொல் நம் தமிழில் உண்டு. மூடிக் கிடந்த செய்தி ஊரறிய வெளிப்பட்டால், ‘அம்பலமாயிற்று’ என்கிறோம். பலரும் கூடும் வெளி, மறைவற்ற இடம் என்பதே அச்சொல் ஏந்தி நிற்கும் பொருள். மன்றம் என்றனர் முன்னோர். மரநிழலில் ஊர் கூடிற்று. பொதியில் என்றனர், பொது இல், அனைவர்க்கும் உரிய வீடு. சொற்கள் இத்துணைத் தெளிவாக இருக்க, வரலாறும் அவ்வழியே நடந்ததா? அம்பலத்தின் வாயில் அனைவர்க்கும் திறந்திருந்ததா? குமரி மாவட்டத்துக் கட்டடங்களைச் சாட்சிக்கு அழைத்து நாம் கேட்க விரும்பும் கேள்வி இதுவே.

திற்பரப்பில் தொடங்குவோம். கோதையாறு ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து அருவியாய் வீழும் ஊர் அது. அருவிக்கு மேலே ஆற்றின் படுகை ஒரே பாறை. கால் கிலோமீட்டர் தள்ளி, வயல்களுக்கு நீர் திருப்பும் அணை. இரண்டுக்கும் இடையே, இடக்கரையில், கோட்டை போன்ற மதில் சூழ்ந்த சிவன் கோயில். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிக் கொட்டும் மண் இது. மழை ஓய்ந்தாலோ வெயில், வெயிலோடு புழுக்கம். இங்கே பலர் கூடி அமர ஓர் இடம் வேண்டுமானால், மழை உள்ளே வரலாகாது. காற்று வெளியே நின்றுவிடலாகாது. இந்த இரண்டையும் ஒருங்கே முடித்துக் காட்டியது நம் தச்சரின் கலை, கொத்தரின் கலை.

அக்கலையின் உச்சியைக் காணத் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரத்துக்குச் செல்ல வேண்டும். திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகர் அது. அரண்மனையின் கூரைகள் செங்குத்தாய்ச் சரிகின்றன, மழைநீர் தங்குவதில்லை. இறவாரம் சுவரைக் கடந்து நீண்டு நிற்கிறது. வெயில் சுவரைத் தீண்டுவதில்லை. மன்னர் அமைச்சரோடு கூடிய மந்திரசாலையில், மரச் சட்டங்களைப் பின்னிச் செய்த சாளரங்கள் காற்றுக்கு வழிவிட்டுக் கதிரவனைத் தடுக்கின்றன. வண்ண அபிரகத் தகடுகள் வெளிச்சத்தின் சூட்டைத் தணிக்கின்றன. தரையோ சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்து மெழுகியது. கண்ணாடியெனப் பளபளக்கிறது, காலுக்குக் குளிர்கிறது. மின்விசிறி இல்லாத காலத்தில் மரத்தையும் மண்ணையும் சுண்ணாம்பையும் கொண்டு குளிர்ச்சியைக் கட்டி வைத்தார்கள்! பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் அதே அரண்மனையில் ஊட்டுப்புரை என்றொரு நெடுங்கூடம் உண்டு. இரண்டாயிரம் பேர் ஒரு வேளையில் உண்ணலாம். யார் அந்த இரண்டாயிரவர்? கூரைக்கு மரம் இழைத்த தச்சரா? சுண்ணாம்பு குழைத்த பெண்களா? நாஞ்சில் வயலில் நெல் விளைத்த உழவரா? இல்லை, பந்தி விரித்தது பார்ப்பனர்க்கு. உழைத்தவர் கைக்குக் கூரை கட்டும் உரிமை உண்டு. அவர் தலைக்கு அக்கூரையின் நிழல் இல்லை.

இது புதிதாக முளைத்ததன்று. 866-ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு கல்விச் சாலை கண்டான். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே உண்டியும் உறைவிடமும் தந்த சாலை, பெருமைதான். 95 மாணவர்க்கு அங்கே இடம் இருந்தது. அத்தனை இடமும் வேதம் ஓதும் மரபினர்க்கே! செப்பேடு சொல்லும் செய்தி இது.

பிற்காலக் கொடுமை இன்னும் கூர்மையானது. திருவிதாங்கூரில் பணியாற்றிய சாமுவேல் மாட்டீர் என்னும் பாதிரியார் 1871-இல் வெளியிட்ட நூலில் எழுதி வைத்திருக்கிறார்: பனையேறிப் பிழைத்த மக்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டலாகாது, காலில் செருப்பு அணியலாகாது, குடை பிடிக்கலாகாது. குடை! ஒரு முழத் துணியின் நிழல்கூட மறுக்கப்பட்டவனுக்கு மண்டபத்தின் நிழல் எங்கிருந்து கிடைக்கும்?

இந்த வெயிலில்தான் ஒரு புதிய நிழல் விரிந்தது. சாமித்தோப்பில் தோன்றிய வைகுண்டர் (1809-1851), தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வந்து நிற்கச் சொன்னார். முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் நீர் மொண்டனர். ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். அவர் வழிவந்தோர் ஊர்தோறும் எழுப்பிய கூடங்களின் பெயர் என்ன தெரியுமா? நிழல்தாங்கல்! கோபுரம் இல்லை, கொடுங்கை இல்லை. பனையோலை வேய்ந்த சிறு குடிலாகவே பல தாங்கல்கள் தொடங்கின. பனையேறியின் பனையே கூரையாயிற்று. ஓலை வெயிலை உறிஞ்சி வைப்பதில்லை, பழுதானால் ஊராரே மாற்றி வேயலாம். எளிமையில் அரண்மனைக்கு எதிர்முனை. ஆனால் பொதியில் என்ற சொல்லுக்குப் பொருள் தந்தது எது? அரண்மனையா, ஓலைக் குடிலா? முடிவை வாசகரிடமே விடுகிறோம்.

பின்னர் வைக்கத்தில் 1924-இல் பெரியார் சிறை புகுந்தார். சுசீந்திரத்தில் கிளர்ச்சி எழுந்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூரின் கோயில் கதவுகள் அரச ஆணையால் திறந்தன. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கிணறும் குளமும் பொதுமக்கள் கூடுமிடமும் அனைவர்க்கும் பொது என்றது. வாயில் சட்டப்படி திறந்துவிட்டது.

நிழல் என்னவாயிற்று? இன்று ஊர்தோறும் சமுதாயக் கூடம் எழுகிறது. தட்டையான கான்கிரீட்டுக் கூரை பகலெல்லாம் சூட்டைக் குடித்து இரவெல்லாம் கக்குகிறது. இறவாரம் இல்லாச் சுவரில் மழை வழிகிறது. மின்சாரம் நின்றால் மணமக்களே எழுந்து வெளியே ஓட வேண்டும்! உலகம் கக்கும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் வருவது என்கின்றனர் அறிஞர். நாமோ அதைக் கொட்டி அடுப்பைக் கட்டிக்கொண்டு, அதற்கு மண்டபம் என்று பெயரிடுகிறோம்.

மாற்று வழி தொலைவில் இல்லை. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர், ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பதைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியாரின் கருத்தைக் கைக்கொண்டவர். அங்கே வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு அவர் எழுப்பிய கட்டடங்களில், செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர்கள் உண்டு. பத்மநாபபுரத்து மரச் சாளரம் செய்த வேலையை அச்சுவர் மலிவாகச் செய்கிறது. செங்கல்லை விளிம்பில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு, கல்லில் ஏறத்தாழக் கால் பங்கை மிச்சமாக்குகிறது. அந்த வெற்றிடமே வெப்பத்துக்கு வேலி.

ஆகவே, ஊர்ப் பெரியோரே, ஊராட்சிப் பொறுப்பேற்றோரே, இளைஞர்களே! அடுத்த கூடத்துக்கு அடிக்கல் நாட்டுமுன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். மின்சாரமின்றி நண்பகலில் நூறு பேர் இதனுள் அமர முடியுமா? சேரியிலிருந்து வரும் முதியவள் யார் முகத்தையும் பாராமல் இதன் நடுவே வந்து அமர முடியுமா? அரண்மனைத் தச்சனின் அறிவும் நிழல்தாங்கலின் நெஞ்சமும் ஒரே கூரையின்கீழ் சேரட்டும். அன்றுதான் அம்பலம் என்ற சொல் தன் பொருளை அடையும்.